எட்டு வீட்டு நம்பர்

“அத எழுதிக் குடுங்க மேடம்” என்றேன்.

இந்த ஒன்றை மட்டும் எந்த ஆபீசிலும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். கேட்ட பேப்பரைக் கொடு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போடு, கும்பிட்டுவிட்டு வா. எழுதிக் கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே. அப்பா ஒருமுறை கேட்டார். லீவு கிடையாது என்ற சூப்பர்வைசரிடம், ஏன் கிடையாது என்று எழுதித் தரச் சொன்னார். எழுத்து வரவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மருந்தடிக்கும் வேலை வந்தது. ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் மருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவது எப்படியிருக்கும் என்பதை அப்பாவின் இருமலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எழுதித் தரச் சொன்னதில்லை.

பிரின்சிபல் மேடத்தின் முகம் மாறவில்லை. பத்து நிமிடமாக மலையாளத்தில் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், அதே அன்போடு பேனாவை மூடி வைத்தார். அதுவரை அவர் சொன்னதன் சாரம் இதுதான்: விடுதிப் பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரங்கள் வெளியே போனது துரதிருஷ்டம். கல்லூரிக்கும் அதில் வருத்தம் உண்டு. நாம் எல்லோரும் ஒரே குடும்பம். வருத்தத்தைப் பேப்பரில் எழுதினால் குடும்பம் கலைந்துவிடும் போலிருந்தது.

அவருக்குப் பக்கத்தில் ஆபீஸ் சூப்பிரண்டு ரத்தினசாமி சார். எல்லையோரத் தமிழ்க் கிராமமான எருத்தேன்பதிக்காரர். தமிழ்ப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுவரோரமாக, உட்காரச் சொல்லியும் உட்காராமல், ரிஜின் சார். எங்கள் கல்லூரி சைபர் பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பாசிரியர். நான் அந்த மன்றத்தின் மாணவர் தூதர். போஸ்டரில் என் படம்கூட இருந்தது.

எழுத்து எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை அந்தப் போஸ்டரிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரி பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், ஃபேக்டரிகளைத் தாண்டி உள்ளே இருக்கிறது. இங்கேயே பி.காம். முடித்துவிட்டு எம்.காம். படிக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் லயத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு. தோட்டத்து வேலை இருக்கிறவரை அந்த வீடு இருக்கும்.

இந்த வருடம் கல்லூரிக்கு ஓர் ஆசை வந்தது. பாதுகாப்பான டிஜிட்டல் வளாகம் என்று ஓர் அங்கீகாரம் கொடுக்கிறார்களாம். அதற்கு மாணவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் உறுதிமொழி எடுத்து, ஆளுக்கொரு சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். விடுதிப் பெண்களிலிருந்து தொடங்கலாம் என்றார் ரிஜின் சார். சான்றிதழுக்காக ஒரு பட்டியல் கேட்டார். பெயர், விடுதி அறை எண், வீட்டு முகவரி, போன், ஆதார் எண், பிறந்த தேதி, அம்மா பெயர். தகவலைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று உறுதி எடுப்பவள் முதலில் தன் தகவல் மொத்தத்தையும் கொடுத்துவிட வேண்டும். ஒரு சான்றிதழுக்கு ஆதார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரேஷன் கார்டிலிருந்து சாதிச் சான்றிதழ் வரைக்கும் கேட்டதைக் கொடுத்தே பழகிய கை. கேட்பதற்கு ஆபீஸ், கொடுப்பதற்கு நாம்.

கல்லூரி மெயிலில் அந்தப் பட்டியலைப் போட முடியவில்லை. அதன் பாஸ்வேர்டு, போன வருடம் வேலையை விட்டுப் போன ஒரு கிளார்க்கோடு போய்விட்டது. அதனால் என் மெயிலில் ஷீட் திறக்கச் சொன்னார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து டைப் செய்தேன். ரிஜின் சாருக்குத் திருத்துகிற உரிமையையும் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்க்க ஒவ்வொரு பெண்ணாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தொந்தரவாக இருந்தது. லிங்க் கையில் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டார். அவர் மாற்றியது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் போனில், காலேஜுக்கே நான்தான் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் போஸ்டர் வந்தது. அதில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘உங்கள் தகவல், உங்கள் உரிமை’ என்று மலையாளத்திலும் தமிழிலும் என் தலைக்கு மேல் எழுதியிருந்தது. கீழ் மூலையில் ஒரு க்யூஆர் கட்டம். உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பாருங்கள். விடுதிக்குள் ஒட்டியது போக நிறைய மிச்சம். வீணாகக் கூடாதென்று கல்லூரி வாசல், பஸ் ஸ்டாப், டீக்கடை, பரோட்டாக் கடை என்று ரோடு நெடுக ஒட்டிவிட்டார்கள். மூன்று நாள், கஞ்சிக்கோட்டில் டீ குடிக்க வந்த எவன் போனை நீட்டினாலும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் அறை எண்ணும், வீட்டு முகவரியும், அம்மா பெயரும் வரிசையாக வந்து நின்றன. படத்தில் நிற்கிறவளுடையதும்தான்.

இந்த இடத்தில் என் போன் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் நம்பர் என்று பேருக்குத்தான். நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் லயத்தில் டவர் எடுக்கிற போனும், மலையாள மெசேஜைப் படிக்கத் தெரிந்த ஆளும் சேர்ந்து இருந்தது எங்கள் வீட்டில்தான். அதனால் எட்டு வீட்டு ரேஷன் கார்டு, ஆதார், கேஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஏலக்காய் எடுத்து எடுத்துக் கறையேறித் தேய்ந்த கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் ஒத்துக்கொள்ளாது. விரல் விழவில்லையென்றால் நம்பருக்கு ஓடிபி வரும். அங்கே ஆனைக்கரையில் ஒருத்தி பையை விரித்துக்கொண்டு நிற்பாள். இங்கே கஞ்சிக்கோட்டில் என் போன் அடிக்கும். ரேஷன் கடை ஜெகன் அண்ணன், “கற்பகம், வந்துச்சா?” என்பார். எண்ணைப் படிப்பேன். அரிசி போடுவார். நான் வகுப்பில் போனை அணைத்து வைத்தால் மலையில் யாரோ ஒருத்தி வெறும் பையோடு வீட்டுக்கு நடப்பாள்.

உறுதிமொழி நாளன்றும் அடித்தது. மேடையில் மைக்குக்கு முன்னால் நின்று, என் ஓடிபியை யாரிடமும் பகிர மாட்டேன் என்ற நான்காவது வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதியே எழுந்து நின்று பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஜெகன் அண்ணன் நம்பரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி, மெதுவாக ஆறு எண்களையும் படித்தேன். மைக் அணையவில்லை. ஆறு எண்களும் அரங்கம் முழுக்கக் கேட்டன. முதல் வரிசையில் யாரோ அதையும் திருப்பிச் சொன்னார்கள். ரிஜின் சார் நல்ல மனுஷன். ஓடி வந்து மைக்கை வாங்கி, இப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இது ஒரு செய்முறை விளக்கம் என்றார். கைதட்டினார்கள்.

போஸ்டர் ஒட்டிய மறுநாளே அழைப்புகள் தொடங்கிவிட்டன. முதலில் சிரிப்பவர்கள். பிறகு அறை எண்ணைச் சொல்லி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள். வேலை தருகிறவர்கள், லோன் தருகிறவர்கள், பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறவர்கள். மூன்றாம் நாள் போஸ்டர் கட்டத்தை நானே ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, ஷீட்டைப் பூட்டினேன். ரிஜின் சாரிடம் சொன்னேன். போஸ்டர்களைக் கிழிக்கச் சொன்னார். அதற்குள் எத்தனை பேர் நகல் எடுத்தார்களோ. பூட்டிய பிறகும் அழைப்பு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு நூறுக்கு மேல்.

என் அறைத்தோழி மௌனிகாவுக்கும் வந்தது. எருத்தேன்பதிப் பெண், பி.காம். இரண்டாம் வருடம். இரண்டே நாளில் புது நம்பர் வாங்கிவிட்டாள்.

“அக்கா, பேசாம நம்பர மாத்திப் போடுங்க. எங்கப்பன் போன கெணத்துல போட்டுப்போட்டு மறாநாளே புதுசு வாங்கிட்டாருங்க.”

“ஒங்கப்பா நம்பர்ல ஒங்க தெருவுக்கே அரிசி வருதாடி?”

எட்டு வீட்டுக்கும் நம்பரை மாற்ற வேண்டுமானால் அக்ஷயா இ-சேவை மையத்துக்கு எட்டுப் பேரும் நேரில் போக வேண்டும். காய் எடுப்பு நேரத்தில் ஆளுக்கு ஒரு நாள் வேலை போகும். போனாலும் அங்கே மெஷின் கேட்பது கட்டைவிரலை. ரேஷன் கடையில் விழாத அதே கட்டைவிரலை. நம்பர் மாற்ற விரல் வேண்டும், விரல் இல்லாததால்தான் நம்பர். இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

அதனால் அதே நம்பரை வைத்துக்கொண்டு, ரேஷன் கடையா என்று கேட்டுக் கேட்டு எல்லா அழைப்பையும் எடுத்தேன். எந்த அழைப்பு அரிசி, எந்த அழைப்பு அசிங்கம் என்று எடுத்தால்தானே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, இன்டர்னல் பரீட்சை முடிந்து படியிறங்கும்போது ஓர் அழைப்பு. ஆனைக்கரை ரேஷன் கடையிலிருந்து என்றது குரல். அழகுத்தாயோட மகள் கற்பகம்தானே என்றது. அம்மா நிற்கிறாள், விரல் விழவில்லை, ஓடிபி வந்திருக்கும் பார் என்றது. ஜெகன் அண்ணன் குரல் இல்லை. அவர் சாப்பிடப் போயிருப்பார், வேறு ஆள் இருப்பார் என்று நானே ஒரு பதிலும் தயார் செய்துகொண்டேன். அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்த ஆளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டையும் ஷீட்டில் நானேதான் டைப் செய்திருந்தேன். திரையின் மேலே வந்த ஆறு எண்களைப் படித்தேன். எதற்கான எண்கள் என்று கூடவே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

அது என் வாட்ஸ்அப்பின் சாவி. பத்து நிமிடத்தில் அது என் போனிலிருந்து வெளியேறிவிட்டது. விடுதிக் குழுவில் என் பெயரில், என் படத்தோடு ஒரு செய்தி போனது. பட்டியலில் பிழை இருப்பதால் ஆதார் கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், அவசரம். முப்பத்தொன்பது பேர் அனுப்பினார்கள். மௌனிகா அனுப்பவில்லை. நான் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததால் அவளுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. மற்றவர்கள் ஏன் சந்தேகப்படப் போகிறார்கள். கேட்டது சைபர் பாதுகாப்புத் தூதர்.

நேற்று பாலக்காட்டுக்குப் பஸ் ஏறி சைபர் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, சுற்றிவளைக்காமல் சொன்னார். ஷீட் உன் மெயிலில் இருக்கிறது. செய்தி உன் நம்பரிலிருந்து போயிருக்கிறது. புகார் கொடுத்தால் முதல் கேள்விகள் உன்னிடம்தான் வரும். போனைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வோம், எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. கல்லூரி சொல்லித்தான் பட்டியல் செய்தேன், கல்லூரிதான் அதைப் போஸ்டரில் போட்டது என்று கல்லூரியிடமிருந்து ஓர் எழுத்து வாங்கி வா. உனக்கு நல்லது.

அந்த எழுத்துக்காகத்தான் இந்த ஏசி அறை.

உள்ளே வருவதற்கு முன் வராந்தாவில் ரிஜின் சார் காத்திருந்தார். அவர் கான்ட்ராக்ட் ஆசிரியர். மார்ச்சில் புதுப்பித்தால்தான் வேலை. “கற்பகம், என் பேரு வராத பாத்துக்கோ மோளே” என்றார். இதற்கு முன் அவர் என்னை மோளே, மகளே என்று கூப்பிட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் அப்பா சூப்பர்வைசருக்கு முன்னால் நின்றதைப் போல அவர் நின்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டதும் பிரின்சிபல் மேடம் ரத்தினசாமி சாரைப் பார்த்தார். ரத்தினசாமி சார் ஒரு ஃபைலைத் திறந்தார். அதில் ஏற்கெனவே டைப் செய்த பேப்பர் ஒன்று இருந்தது. எழுத்து தயாராகவே இருந்திருக்கிறது. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

வாங்கிப் படித்தேன். எம்.காம். முதலாமாண்டு மாணவி கற்பகமாகிய நான், என் சொந்த ஆர்வத்தில் சக மாணவிகளின் விவரங்களைச் சேகரித்து, என் சொந்த மெயிலில் வைத்திருந்தேன். என் கவனக்குறைவால் அவை வெளியாயின. இதில் கல்லூரி நிர்வாகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. நிர்வாகம் என்மீது காட்டிய கருணைக்கு நன்றி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. தேதி நேற்றைய தேதி. நான் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறும்போதே அவர்கள் கருணைக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டிருக்கிறேன்.

ரத்தினசாமி சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மிணி, ஒரே ஒரு கையெழுத்துங்க. வியாழக்கெழம அங்கீகாரக் கமிட்டி வருதுங்க. அதுக்குள்ள இந்தப் பேச்சு அடங்கோணும். உம்பட படிப்புக்கு ஒரு கொறையும் வராது, நான் பாத்துக்கறன்.”

நான் பேப்பரை மேசையில் வைத்தேன். ஷீட்டை என் மெயிலில் திறக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். அதெல்லாம் வாய்ப்பேச்சு, சாட்சி இல்லாதது என்றார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார்.

“மேடையிலயே மைக் வெச்சு ஓடிபி சொன்ன புள்ளைங்க நீங்க. நாங்க சொல்லோணும்னு இல்லீங்களே, காலேஜே பாத்துச்சு. போலீசுல போயி நின்னா அதத்தான முதல்ல கேப்பாங்க.”

செய்முறை விளக்கம் என்று கைதட்டினீர்களே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மை. மேடையிலும் சொன்னேன், படியிலும் சொன்னேன். முப்பத்தொன்பது பெண்களின் ஆதார் யாரோ ஒருவன் போனில் இருப்பதற்கு என் வாயும் காரணம். அதை யாரும் எனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அந்த முப்பத்தொன்பது பேரின் அறைக்கும் நானே போய்ச் சொல்லியாயிற்று. நாலு பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி துப்பாத குறைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஷீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று அதுவே வரிசையாக வைத்திருக்கும். லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்று மாற்றியது எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது அதில் இருக்கிறது. கல்லூரி வைஃபையில், போனில் திறந்து மேசைமேல் வைத்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரத்தினசாமி சார் பார்க்கவில்லை. ரிஜின் சாருக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவர் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். “மேடம், அது...” என்று தொடங்கினார்.

ரிஜின் வெளியில் இருக்கட்டும் என்றார் மேடம், என்னைப் பார்த்துக்கொண்டே. ரிஜின் சார் இரண்டு நொடி நின்றார். பிறகு போய்விட்டார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு மேடத்தின் அன்பு கூடிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் விவரங்களை ஒரு மாணவி தன் போனில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்கினார். போன் தொலைந்தால் என்ன ஆகும். யாராவது பறித்தால் என்ன ஆகும். சைபர் பாதுகாப்பின் முதல் பாடமே தேவையில்லாத தகவலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதல்லவா. இப்போதே, இங்கேயே, அவர்கள் கண் முன்னால் அந்த ஷீட்டை அடியோடு அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. வியாழக்கிழமை கமிட்டிக்கு வாசலில் பூச்செண்டு கொடுக்கப் போவதும் நான்தானாம். தமிழ் மாணவி கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

மேடம் சொன்ன பாடம் சரிதான். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அழித்தால் பெண்களின் விவரம் பத்திரமாகிவிடும், கூடவே கல்லூரியும் பத்திரமாகிவிடும். வெளியே போன நகல்கள் மட்டும் போனது போனதுதான். அவற்றை வெளியே விட்டது யார் என்பதற்கு என் கையெழுத்து மட்டும் மிஞ்சும். அழிக்காவிட்டால், பிறர் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு அழிக்க மறுக்கும் பெண் நான். ரத்தினசாமி சார் அதையும் சொல்லிவிட்டார். வைத்திருப்பதே குற்றமாம்.

“அழிச்சிட்டா, யாரு செஞ்சாங்கன்னு போலீசு எத வச்சுப் பாக்கும் சார்?”

“போலீஸ் எதுக்குங்க அம்மிணி? வெளியில தெரிஞ்சா யாரு பேரு கெடும்? பொம்பளப் புள்ளைங்க பேரு. அப்பன் ஆத்தாளுக ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அத்தன பேரு படிப்பையும் கெடுக்கப் போறீங்களா?”

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவும் இதையே வேறு மாதிரி சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் எதில் கையெழுத்துக் கேட்டாலும் போட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்றாள். காலேஜ்காரர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவாய் என்றாள். பட்டம் இன்னொன்று இருந்தால் நீ இந்த மலைக்குத் திரும்பி வர வேண்டாம் பார் என்றாள். பிறகு, “ஒங்கப்பாதான் இருமிக்கிட்டே கேக்குறாரு, அந்தாளுங்க எழுதிக் குடுப்பாங்களான்னு” என்றாள். குடுக்க மாட்டாங்க என்றேன். அவருக்கும் தெரியும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மேசைமேல் இருந்த போனை எடுத்தேன். மேடம் நாற்காலியில் லேசாகச் சாய்ந்தார். நான் அழிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்தப் போனில் சிம் இல்லை. காலையில் எழுந்ததும் கழற்றி மௌனிகாவின் போனில் போட்டுவிட்டேன். அவள் போனில் இரண்டு சிம் போடலாம். போலீஸ் போனை எடுத்துக்கொண்டாலும் நம்பர் அடிக்கும், அவள் எடுப்பாள். ஜெகன் அண்ணனிடமும் பேசிவிட்டேன். இனி யார் ஓடிபி கேட்டாலும், கார்டுக்காரர் வீடு லயத்தில் எத்தனாவது கதவு என்று முதலில் சொல்ல வேண்டும். வெளியாள் வலமிருந்து எண்ணுவான், நாங்கள் எண்ணுவது இடமிருந்து. அது எந்த ஷீட்டிலும் இல்லை. சொல்லாதவனுக்கு ஓடிபி இல்லை. மௌனிகா ஒரு நோட்டில் எட்டுப் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டாள். வகுப்பில் அடித்தால் எந்த சார் திட்டினாலும் எழுந்து வெளியே போய் எடுத்துவிடுகிறேன் என்றாள். தனக்கு அட்டென்டன்ஸ் ஏற்கெனவே இல்லை, அதனால் பயமில்லையாம்.

புகார் மனுவும் பையில் இருந்தது. நேற்றே எழுதியது. முதல் வரியே, பட்டியலைத் தயாரித்தவள் நான். இரண்டாவது, தயாரிக்கச் சொன்னவர் யார், எந்தத் தேதியில். ஓடிபி கொடுத்ததையும் நாள் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். ரிஜின் சார் பெயரை எழுதுவதா என்று அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினேன். கல்லூரியின் எழுத்து கிடைத்தால் அதைச் சேர்த்துக் கொடுப்பது, கிடைக்காவிட்டால் சேர்க்காமல் கொடுப்பது. இந்த அறைக்கு வந்தது அந்த ஒரு பேப்பருக்காக மட்டும்தான்.

ஷீட் அப்படியே இருக்கும் என்றேன். பூட்டியிருக்கிறது, யாரும் பார்க்க முடியாது, இனிமேல் பார்ப்பதாக இருந்தால் ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். பூச்செண்டுக்கு வேறு ஆள் பாருங்கள்.

மேடம் முதல்முறையாகத் தமிழில் பேசினார். அவருக்குத் தமிழ் பேச வரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இதுக்கப்புறம் நீ இங்க எப்படிப் படிப்பே?”

“தெரியல மேடம்.”

உண்மையாகவே தெரியவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு எழுந்தேன். ரத்தினசாமி சார் என்னமோ சொன்னார், கண்ணு என்று தொடங்கியது மட்டும் கேட்டது. கையெழுத்துக் கோடு அப்படியே இருந்தது. பேனா அதன்மேல் கிடந்தது.

வெளியே பெஞ்சில் ரிஜின் சார் இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே என்று கேட்கவில்லை. பாலக்காட்டுக்கு என்று நானாகச் சொன்னேன். பெயரைப் போட்டிருக்கிறேன் சார் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று நின்று பார்க்கவில்லை.

வாசலில் அட்டென்டர் ஆனந்தகுமார் அண்ணன் பெரிய நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பிரின்சிபலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெயர், மொபைல் நம்பர், நேரம் எழுத வேண்டும். காலையிலிருந்து வந்துபோன பதினேழு பேரின் நம்பர்களும் போகிற வருகிற எல்லோரும் படிக்கிற மாதிரி விரிந்து கிடந்தன. பெயரை எழுதினேன், நேரத்தை எழுதினேன். நடுக் கட்டத்தை விட்டுவிட்டு நடந்தேன்.

“நம்பர் எழுதலியேம்மா” என்றார் பின்னாலிருந்து.

“அது கஞ்சிக்கோட்டுக்கே தெரியும்ணே. டீக்கடையில கேட்டு எழுதிக்கங்க.”

கேட்டைத் தாண்டும்போது பாலக்காட்டு பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடவில்லை. இது போனால் அடுத்தது பத்து நிமிடத்தில்.